விற்ற சாமான் வீடு திரும்பினால்...

வீட்டிலிருந்தபடி வியாபாரம் செய்யும் நமது சகோதரிகளின் தொகை இன்று பெருகியிருக்கின்றது. அபாயா, பிள்ளைகளின் உடுப்பு, ஸ்கார்ப், கட்டில் விரிப்பு, மாசிச் சம்பல், அச்சாறு என்று வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் படம் போட்டு நாட்டின் எல்லா ஊர்களுக்கும் பார்சல் அனுப்புகின்றார்கள். மகிழ்ச்சிக்குரிய விஷயம். கணவனை இழந்த சிலரும், படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பலரும் இதனால் நாலு காசு பார்க்கின்றார்கள்.

எங்கே மலிவாக வாங்கலாம், எப்படி விளம்பரம் போடலாம், படத்தை எப்படி எடுக்கலாம் என்று இவர்கள் ஒருவரையொருவர் கேட்டு அறிந்துகொள்கின்றார்கள். ஆனால், அனுப்பிய பார்சல் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிப்பவர்கள் குறைவு. நகையை அடகு வைத்துப் போட்ட கைமுதல், திரும்பி வந்த உடுப்புகளாக மாறி அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும்போதுதான் இது புரிகின்றது. இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

பழைய சோடாப் போத்தல்

வியாபாரத்தில் பொருளுக்கு இரண்டு பாதைகள் உண்டு. விற்பவரிடமிருந்து வாங்குபவருக்குப் போகும் பாதை ஒன்று. வாங்கியவரிடமிருந்து விற்றவருக்குத் திரும்பி வரும் பாதை மற்றொன்று. இந்த இரண்டாவது பாதையைக் கவனிப்பதற்கென்றே பெரிய கம்பனிகள் தனியான ஆட்களையும் களஞ்சியத்தையும் வைத்திருக்கின்றன.

இது நமக்குப் புதியதல்ல. கண்ணாடிப் போத்தலில் சோடா வாங்கினால் வெறும் போத்தலைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்போம். கொடுக்காவிட்டால் போத்தலுக்கும் காசு கட்ட வேண்டும். சோடா கொண்டு வந்த லொறியே வெறும் போத்தல்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். போகும் வண்டி திரும்பும்போது வெறுமையாக வருவதில்லை. திரும்பி வரும் பொருளுக்கு ஒரு விலை, ஒரு வழி, ஒரு கணக்கு. இந்த மூன்றும் அந்தப் போத்தலுக்கு இருந்தன. நமது பார்சலுக்கும் இவை மூன்றும் வேண்டும்.

தூரத்திலிருந்து வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது என்ற பிரச்சினையும் பழையதுதான். 1872 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஏரன் மொன்ட்கொமரி வார்ட் என்பவர், கிராமத்து விவசாயிகளுக்குத் தபால் மூலம் சாமான் விற்கத் தொடங்கினார். காணாத பொருளுக்கு யார் காசு அனுப்புவார்கள்? 1875 இல் அவர், திருப்தி இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக உத்தரவாதம் கொடுத்தார். வியாபாரம் வளர்ந்தது. திருப்பி எடுக்கும் வழியைத் திறந்து வைப்பது வாங்குபவரின் பயத்தைப் போக்கும் என்பது அன்றே விளங்கிவிட்டது.

கொப்பியில் இலாபம், கையில் இல்லை

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காகச் சொல்லப்படுபவை. உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சகோதரி 20 அபாயாக்களை ஒன்று 2,500 ரூபா வீதம் 50,000 ரூபாவுக்கு வாங்குகின்றார். ஒன்றை 3,200 ரூபாவுக்கு விற்கின்றார். கூரியர் கூலியை வாங்குபவர் கொடுப்பார். பார்சல் உறைக்கு 50 ரூபா போனால் ஒன்றில் 650 ரூபா இலாபம். இருபதும் விற்றால் 13,000 ரூபா.

பொருள் கைக்குக் கிடைத்ததும் காசு கொடுக்கும் முறையில் இருபதையும் அனுப்புகின்றார். 5 பேர் பார்சலை எடுக்கவில்லை. ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை, ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்கு மனம் மாறிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் போகும் கூலி 400, திரும்பும் கூலி 200, உறை 50 ஆக 650 ரூபா இவர் தலையில் விழுகின்றது. அதாவது, திரும்பி வரும் ஒரு பார்சல் விற்ற ஒரு பார்சலின் இலாபத்தை முழுதாகத் தின்றுவிடுகின்றது. 15 விற்ற இலாபம் 9,750. திரும்பி வந்த 5 இன் நட்டம் 3,250. மீதி 6,500. இருபதில் ஐந்து திரும்பியதால் இலாபம் சரிபாதியாகிவிட்டது.

இன்னும் இருக்கின்றது. கையில் வந்த காசு 15 பேர் கொடுத்த 48,000 ரூபா. வெளியே போனது உடுப்புக்கு 50,000, இருபது உறைக்கு 1,000, திரும்பியவற்றின் கூலி 3,000 ஆக 54,000. போட்ட காசை விட 6,000 ரூபா கையில் குறைவு! கொப்பியில் 6,500 ரூபா இலாபம் என்று எழுதியிருக்கும். அந்த இலாபமும் முதலின் ஒரு பகுதியும் 5 அபாயாக்களாக அலுமாரியில் தொங்கும். அவற்றை விற்காமல் அடுத்த கொள்வனவுக்குப் போனால் கடன் வாங்கத்தான் வேண்டும். திரும்பி வரும் பொருளை எவ்வளவு விரைவாக மறுபடி காசாக்குகின்றோம் என்பதில்தான் வியாபாரத்தின் உயிர் இருக்கின்றது.

ஏன் திரும்புகின்றது?

ஒரு கொப்பியில் ஐந்து கோடுகள் போடுங்கள். திகதி, பொருள், எந்த ஊர், திரும்பிய காரணம், பிறகு என்ன செய்தோம் என்று எழுதுங்கள். காரணங்களை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

1. நமது பிழை: அளவு மாறி அனுப்பியது, தையல் பிரிந்தது, படத்தில் கண்ட நிறம் வேறு.

2. வாங்குபவரின் காரணம்: அளவு பொருந்தவில்லை, மனம் மாறியது.

3. வழியில் நடந்தது: உறை கிழிந்தது, நனைந்தது, பெருநாளுக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது.

4. பார்சலை எடுக்கவேயில்லை.

மூன்று மாதம் எழுதினால் போதும், கொப்பி உங்களுக்கு வழி சொல்லும். ஒரே தையல்காரரின் உடுப்பு திரும்பத் திரும்ப வருகின்றதா? அவரோடு பேச வேண்டும். அளவுப் பிரச்சினை அதிகமா? விளம்பரத்தைத் திருத்த வேண்டும். எடுக்காத பார்சல் அதிகமா? அனுப்பும் முறையை மாற்ற வேண்டும்.

அனுப்பும் முன்பே தடுப்பது

உடுப்பில் ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்று மட்டும் போடாதீர்கள். ஒரு கம்பனியின் மீடியம் இன்னொன்றின் ஸ்மோல். அபாயாவில் 52, 54, 56, 58 என்று நீளத்தை அங்குலத்தில் சொல்வது வழக்கம். ஆனால் நீளம் சரியாக இருந்தும் மார்பளவும் கையின் நீளமும் பொருந்தாமல் திரும்புவதுண்டு. உடுப்பைப் பாயில் விரித்து, அளவு நாடாவால் தோள், மார்பு, கை, நீளம் நான்கையும் அளந்து எழுதுங்கள். “உங்களுக்குப் பொருத்தமான பழைய அபாயா ஒன்றை இதேபோல் விரித்து அளந்து பாருங்கள்” என்று வாங்குபவருக்கும் சொல்லுங்கள். உடம்பை அளப்பதைவிட இது பிழை குறைந்தது.

படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மின்குமிழின் மஞ்சள் ஒளியில் நீலம் பச்சையாகத் தெரியும். துணி சுருங்குமா, சாயம் போகுமா, உள்ளே லைனிங் உண்டா என்பதையும் எழுதுங்கள்.

அனுப்பும் நாளன்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: “தாத்தா, நீங்க கேட்ட கறுப்பு அபாயா, 54 அளவு, இன்றைக்குப் போடுறன். நாளைக்கும் நாளன்றைக்கும் வீட்டில இருப்பீங்களா? கூலியோட 3,600 ரூபா. சரியா?” பதில் வந்த பின்பே பார்சலைக் கூரியரிடம் கொடுங்கள். பதில் தராதவரின் பார்சலை ஒரு நாள் தாமதப்படுத்துவதில் நட்டமில்லை. முதன்முதலாக வாங்குபவரிடம் கூரியர் கூலியை மட்டுமாவது முற்பணமாகக் கேட்கலாம். அதைக் கொடுத்தவர் பார்சலை எடுக்காமல் விடுவது அரிது. விட்டாலும் போன கூலியாவது கைக்கு வந்திருக்கும்.

நோன்பு மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெருநாளுக்கு எத்தனை நாட்களுக்கு முன்பு வரை ஓடர் எடுப்பது என்பதை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். பெருநாள் கழிந்து போய்ச் சேரும் பெருநாள் உடுப்பை யாரும் எடுக்கமாட்டார்கள். திரும்பி வரும்போது உங்களிடமும் அதன் விலை இறங்கியிருக்கும்.

நிபந்தனையை எழுதி வைப்பது

பிரச்சினை வந்த பின்பு விதி சொன்னால் அது சண்டையாகும். விற்கும் முன்பே நாலைந்து வரிகளில் சொல்லிவிடுங்கள். பின்வருவதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்:

“பார்சல் கிடைத்து 3 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். உடுக்காமலும் கழுவாமலும் விலைச்சீட்டோடும் இருக்க வேண்டும். எங்கள் பிழையென்றால் இரு பக்கக் கூலியும் எங்களுடையது. மாற்றுப் பொருள் அல்லது முழுக் காசு. அளவு மாற்றுவதென்றால் கூலி உங்களுடையது. உள்ளாடை, திறந்த அழகுசாதனம், உணவு, அளவெடுத்துத் தைத்தவை என்பவற்றில் குறையிருந்தால் மட்டும் மாற்றித் தரப்படும்.”

இந்த விலக்குகள் அநியாயமானவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஜூன் முதல், இணையத்தில் வாங்குபவர் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் பொருளைத் திருப்ப உரிமை உண்டு. அங்கும் அளவெடுத்துச் செய்தவை, விரைவில் பழுதாகும் உணவு, சுகாதாரத்துக்காக முத்திரையிட்டுத் திறக்கப்பட்டவை என்பன விலக்கப்பட்டே இருக்கின்றன.

ஆனால், ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று போட்டுவிட்டுத் தப்பிக்க நினைப்பது சரியல்ல. இலங்கையின் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விவரணம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும். முன்பு பார்க்காத பொருளை, கிடைத்தபின் பரிசோதிக்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு வேண்டும். உரிமையோடு நிராகரித்த பொருளை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அவர் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவரும் அல்லர். வேண்டாம் என்று அறிவித்தாலே போதும். அதாவது, நமது பிழையால் போன பொருளை எடுத்து வரும் செலவு நம்முடையது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் வாங்கியவர் முறையிடவும் முடியும். அதன் தொலைபேசி இலக்கம் 1977. கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் இச்சட்டப்படி வியாபாரியின் கடமை. வீட்டிலிருந்து விற்பவரும் வியாபாரிதான். ஒரு சிறிய பில் புத்தகம் வைத்திருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

மார்க்க சட்டம் சொல்வது

கொடுக்கல் வாங்கலில் திருப்பும் உரிமையைப் பற்றி நமது பிக்ஹு நூல்கள் ‘கியார்’ என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில், விற்பவரும் வாங்குபவரும் பேசி நிபந்தனையிட்டுக் கொள்ளும் தெரிவுக் காலம் ஆகக் கூடியது 3 நாட்கள். குறையுள்ள பொருளைத் திருப்பும் உரிமை வேறு. குறையைக் கண்டவர் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும்; குறையைக் கண்ட பின்பும் உடுத்திக்கொண்டிருந்தால் உரிமை போய்விடும். வாங்கியவருக்கும் இதில் பாடம் இருக்கின்றது. கல்யாண வீட்டுக்கு ஒரு நாள் உடுத்துவிட்டு, மறுநாள் மடித்து ‘அளவு சரியில்லை’ என்று அனுப்புவது இன்னொருவரின் காசில் அலங்காரம் செய்வதாகும்.

குறை எதுவும் இல்லாமலே, வாங்கியவர் வருந்திக் கேட்டால் விற்றதை இரத்துச் செய்து ஏற்றுக்கொள்வதற்கு ‘இகாலா’ என்று பெயர். இது கடமையல்ல, ஆனால் நன்மைக்குரியதென்று ஹதீஸில் சிறப்பித்துச் சொல்லப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய உங்கள் கைமுதல் இடம் தராமல் இருக்கலாம். ஒரு ஏழைத் தாய் பெருநாளுக்கு வாங்கிய பிள்ளையின் உடுப்பு பொருந்தவில்லை என்று தயங்கித் தயங்கிக் கேட்கும்போது, விதியைக் கொஞ்சம் தளர்த்த இடம் வைத்திருங்கள்.

திரும்பும் வழி

திருப்புவதற்கு நீங்கள் சம்மதித்த ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். அந்த இலக்கத்தைத் துண்டில் எழுதிப் பார்சலுக்குள் வைக்கும்படி சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் வந்த மூன்று கறுப்பு அபாயாக்களில் எது யாருடையது என்று தெரியாமல் தடுமாறுவீர்கள். கூரியரில் கொடுத்த சீட்டின் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சேதமானால் எத்தனை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும், எவ்வளவு தருவார்கள் என்பதைக் கூரியர் நிறுவனத்திடம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

இவ்விடத்தில் பெண்களாகிய நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அளவு பொருந்தவில்லை என்பதைக் காட்ட, சில சகோதரிகள் உடுத்தபடியே படம் எடுத்து அனுப்பிவிடுகின்றார்கள். அந்தப் படம் உங்களிடம் வந்த அமானிதம். தேவை முடிந்தவுடன் அழித்துவிடுங்கள். தையல்காரருக்கோ மொத்த வியாபாரிக்கோ, வீட்டு ஆண்களுக்கோ கூட அனுப்பக்கூடாது. அதைவிட, “உடுப்பைப் பாயில் விரித்து, அளவு நாடாவோடு படம் எடுத்து அனுப்புங்கள்” என்று முதலிலேயே கேட்பது நல்லது. வாங்குபவர்களின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். அவற்றைப் பிறரிடம் கொடுக்கவும் வேண்டாம். பார்சலை எடுக்காதவரின் பெயரைப் பேஸ்புக்கில் போட்டு மானத்தை வாங்கவும் வேண்டாம்.

திரும்பி வந்தபின்

திரும்பி வரும் பொருளுக்குத் தனியாக ஒரு பெட்டி வையுங்கள். புதிய பொருளோடு கலக்காதீர்கள். வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். பிரிப்பதைத் தொலைபேசியில் படம் பிடித்து வைத்தால் பின்பு வாக்குவாதம் வராது. விலைச்சீட்டு உண்டா, கழுத்திலும் கக்கத்திலும் வியர்வை அல்லது சென்ட் மணம் உண்டா, ஓரத்தில் அழுக்கு உண்டா, பொத்தானும் தையலும் சரியா என்று பாருங்கள். பிறகு இரண்டு நாட்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

உடுக்காமல் சுத்தமாக வந்ததென்றால், இஸ்திரி போட்டு புதிய உறையில் மறுபடி விற்பனைக்கு. சிறிய தையல் குறையென்றால் திருத்தி, திருத்தியதைச் சொல்லி விற்பனைக்கு. கறையோ கிழிசலோ உள்ளதென்றால், அதைப் படத்தில் காட்டி விலை குறைத்து விற்பனைக்கு. துணியிலேயே குறையென்றால் வாங்கிய இடத்துக்கு. எதற்கும் உதவாததை வெட்டித் தலையணை உறையாகவோ பிள்ளையின் சட்டையாகவோ ஆக்கலாம்.

திரும்பி வந்த உணவுப் பொருளை ஒருபோதும் மறுபடி விற்கக்கூடாது. முத்திரை உடையாத போத்தலானாலும், அது எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்ததென்று நமக்குத் தெரியாது.

குறையை மறைத்து விற்பது பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவம் நாம் அறிந்ததே. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கண்டித்தார்கள். ஒருமுறை உடுத்துத் திரும்பிய அபாயாவைப் புதிய உறையில் போட்டுப் புதியதென்று அனுப்புவதும் அந்த ஈரத்தை அடியில் மறைப்பது போன்றதுதான்.

காசைத் திருப்ப வேண்டியிருந்தால், பொருளைப் பார்த்து முடிந்த அன்றே வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். “நாளைக்குப் போடுறன்” என்று இழுத்தடிக்கப்பட்டவர், தான் பட்ட பாட்டைப் பத்துப் பேரிடம் சொல்வார். அன்றே காசு பெற்றவர் மீண்டும் உங்களிடமே வாங்குவார்.

வாங்கும் இடத்தில் பேசுவது

வாங்குபவருக்கு நீங்கள் கொடுக்கும் வசதி உங்களுக்கும் கிடைக்க வேண்டும். புறக்கோட்டையில் பிரதான வீதியிலோ கெய்சர் வீதியிலோ மொத்தமாக வாங்கும்போது, விலையைக் குறைக்கக் கேட்பதோடு நிற்காமல், “குறையுள்ள துண்டை எத்தனை நாளைக்குள்ள மாத்தித் தருவீங்க நானா?” என்றும் கேளுங்கள். சொன்னதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடியுமானால் கடையிலேயே விரித்துப் பாருங்கள். துண்டுக்கு 50 ரூபா கூடுதலாக எடுத்தாலும் மாற்றித் தரும் கடை, மலிவாக விற்றுவிட்டு முகம் திருப்பும் கடையைவிட இலாபமானது. கடைக்குக் கொண்டுபோக வேண்டிய குறைத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைத்து, அடுத்த கொள்வனவுக்குப் போகும் பயணத்திலேயே கொண்டுபோங்கள். சோடா லொறி செய்தது அதைத்தான்.

கடைசியாக, ஒவ்வொரு விற்பனையின் இலாபத்திலும் ஒரு சிறு தொகையைத் திரும்பும் பார்சலுக்கென்று வேறு டப்பாவில் போட்டு வாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் இருபதில் ஐந்து திரும்பியது. ஐந்தின் செலவு 3,250 ரூபா. விற்ற பதினைந்தில் பங்கிட்டால் ஒன்றுக்கு 217 ரூபா அளவில் வரும். உங்கள் கொப்பியைப் பார்த்து உங்கள் தொகையைக் கண்டுபிடியுங்கள். விலை போடும்போதே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் எண்ணிக்கை குறையக் குறைய அந்த டப்பாவில் மிஞ்சுவது உங்களுக்குத்தான்.

இன்றைக்கே அலுமாரியின் அடித்தட்டைத் திறந்து, திரும்பி வந்து கிடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். கொப்பியின் முதல் பக்கத்தை அவற்றைக் கொண்டே தொடங்கலாம். கூரியர் நிறுவனங்களோடு கணக்கு வைக்கும் முறை பற்றி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பார்ப்போம்.